அடுக்களை காணப் போனவர்கள் கண்ட ஆட்டம்

அஞ்சு மக்களே,

போனில் சொன்னால் பாதியிலேயே, "அம்மா, வார்டில இருந்து விளி வருது, வைக்கேன்" என்று வைத்துவிடுவாய். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் முதல் அரை நிமிடத்தைக் கேட்டுவிட்டு ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டு ஒப்பேற்றிவிடுவாய். அதனால்தான் பள்ளிக்கூடம் விட்ட பிறகு பேனாவைத் தொடாதவளை இப்படி உட்கார்ந்து எழுத வைத்திருக்கிறாய். வாழைக்கு மண் அணைத்துவிட்டு வந்த உன் அப்பா எட்டிப் பார்த்து, "ஆருக்காக்கும் இந்த மனு?" என்று கேட்டார். "எனக்க மகளுக்கு. அவளுக்கு புத்தி பேதலிச்சு போச்சு" என்றேன். "அப்பம் நல்ல நீளமா எழுது" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். நீளமாகத்தான் எழுதப் போகிறேன். நைட் டூட்டி முடிந்து தூங்கி எழுந்த பிறகு, பொறுமையாக உட்கார்ந்து படி.

நேற்று நீ சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உன் கம்ப்யூட்டர் கேம் அணி கொச்சியில் மேடையேறி இறுதிப் போட்டி ஆடப் போகிறது. ஆனால் நீ போகப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் பெயர்களைக் கொடுக்கவேண்டும், உன் இடத்தில் வேறு ஆளைப் போடச் சொல்லப் போகிறாய். ஏன் என்று கேட்டால், "இனி மதி அம்மா, போதும். அண்ணைக்கு மாமிக்க மொகத்தெ நான் பாத்தேன்" என்கிறாய். அதோடு பேச்சை முடித்துவிட்டாய். எனக்குத்தான் முடியவில்லை. ராத்திரி முழுக்க உன் அப்பாவிடம் பேசிப் பேசி அவர் காதில் பஞ்சு வைக்காத குறை.

மக்களே, நீ பார்த்தது முகத்தை மட்டும்தான். அதுவும் ஆட்டம் முடிந்து திரும்பிய ஒரு நொடி. அதுவரைக்கும் காதில் ஹெட்செட்டும் கண் முன்னால் திரையுமாக எங்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உன் முதுகுக்குப் பின்னால் மாமியார் வீட்டு அடுக்களையில் என்னென்ன நடந்தது என்று உனக்கு ஒரு எழவும் தெரியாது. நான் அங்கேதான் நின்றேன். உன்னைப் பாதி நேரமும் உன் மாமியைப் பாதி நேரமும் பார்த்துக்கொண்டு நின்றேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் நேரே அங்கே போனால், திட்டிக்கொண்டிருந்த நான் எப்படி உன் ஆட்டத்தின் கட்சி ஆனேன் என்பது உனக்குப் புரியாமல் போகும். ஆகவே கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன்.

முதல் சம்பளங்களைச் சேர்த்து அந்தக் கம்ப்யூட்டரை நீ வாங்கி வந்தபோது நான் திட்டாத திட்டு இல்லை. இருபத்து மூன்று வயதுப் பெண், நெய்யாற்றின்கரையில் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ், வீட்டுக்கு வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு "இடது பக்கம் பாரு, ஒருத்தன் உண்டு" என்று கத்துகிறாள். பக்கத்து வீட்டில் என்ன நினைப்பார்கள்? ஒருநாள் கரண்டை இழுத்து அணைத்துவிடலாம் என்றே நினைத்து, கையில் ஒரு கிளாஸ் சாயாவைச் சாக்காக எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்து பேர் ஒரு கட்சி, ஐந்து பேர் மறு கட்சி. ஒரு கட்சி குண்டு வைக்கவேண்டும், மறு கட்சி அதைத் தடுக்கவேண்டும். கோயம்புத்தூரில் ஒருத்தன், நாகர்கோவிலில் ஒருத்தி, கொச்சியில் ஒருத்தன், துபாயில் ஒருத்தன். நீ பேசுகிறாய், அந்த நாலு பேரும் கேட்டு நடக்கிறார்கள். இந்த வீட்டில் நான் சொன்னால் கோழிகூடக் கேட்காது. நீ கதவைச் சாத்திக்கொண்டு நாலு ஊர் ஆட்களை நடத்திக்கொண்டிருக்கிறாய். சாயா ஆறி, ஆடை படர்ந்து, அதை நானே குடித்துவிட்டுப் போனேன். அன்றைக்கு ராத்திரி உன் அப்பாவிடம், "எலே நம்ம பிள்ளை லேசுப்பட்டவ இல்ல, கேட்டியளா" என்று சொன்னேன். ஆம்பிளையை எலே என்று கூப்பிடும் அளவுக்குச் சந்தோஷம் எனக்கு.

அதற்குப் பிறகு ஒரு ஆட்டம் விட்டதில்லை. உன் ஆட்டத்தை நேரலையில் காட்டுகிற நாளில் அப்பாவின் போனை வாங்கி வைத்துக்கொண்டு, எல்லோரும் எழுதுகிற இடத்தில் நானும் எழுதினேன்: "அஞ்சு சாப்பிட்டியா." நானூறு பேர் பார்த்தார்கள் என்று நீ என்னிடம் சண்டைக்கு வந்தாய். உன் அணிக்காரர்களோ அடுத்த வாரம் முதல் ஆட்டம் தொடங்கும் முன்னால் "அம்மா வந்தாச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கோயம்புத்தூர்ப் பையன் இன்றைக்கும் எனக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புகிறான்.

நல்லதை மட்டும் சொல்லிக்கொண்டு போகமாட்டேன். அந்தக் காலை டூட்டி நாள் நினைவிருக்கிறதா? முந்தின ராத்திரி விடிய விடிய ஆடிவிட்டு அலாரத்தை அணைத்துப் போட்டுத் தூங்கிவிட்டாய். வார்டிலிருந்து போன் வந்தது. எடுத்தது நான். யோசிக்கவே இல்லை. "பிள்ளைக்கு நல்ல காய்ச்சலாக்கும் சிஸ்டர், எழும்ப முடியல்ல" என்று அழகாகப் பொய் சொன்னேன். உன்னைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்து ஒரு பெருமை வேறு. நீ எழுந்து வந்தாய், விஷயம் தெரிந்துகொண்டாய். முகத்தைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறிப் போய், இன்சார்ஜ் சிஸ்டரிடம் நேரே நின்று, "காய்ச்சல் இல்ல சிஸ்டர். கேம் விளையாடிட்டு உறங்கிப் போனேன். அம்மா எனக்காக பொய் சொன்னா" என்று சொல்லியிருக்கிறாய். ஒரு மாதம் ஞாயிற்றுக்கிழமை டூட்டியெல்லாம் உன் தலையில் விழுந்தது. முனகாமல் பார்த்தாய். காலை டூட்டிக்கு முந்தின சாயங்காலம் இனி மவுஸைத் தொடமாட்டேன் என்று நீயாகவே உன் அணியிடம் சொல்லிவிட்டாய். அவர்கள் பயிற்சி நேரத்தை உன் ஷிப்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டார்கள். நான் சொல்லிச் செய்ததல்ல இது. அன்றைக்கு என் மகள் பெரியவள் ஆனாள் என்று எனக்குத் தெரிந்தது. மஞ்சள் நீராட்டின நாளில்கூட எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நம் வீட்டில் இது புதிய சங்கதியும் இல்லை. கோடைக்குக் கால்வாயில் தண்ணீர் விட்டால் நம் முறை எப்போது வருகிறது என்று நானும் அப்பாவும் காத்துக் கிடப்போம். முறை வந்தால் கல்யாண வீடானாலும் இலையில் பாதிச் சோற்றை விட்டுவிட்டு மண்வெட்டியோடு ஓடவேண்டும். முறை முடிந்ததும் மடையை அடைத்து அடுத்தவன் வயலுக்கு விட்டுவிடவேண்டும். அடைக்காமல் இன்னும் கொஞ்சம் என்று நின்றால்தான் சண்டை. ஓடிப் போனதற்காக யாரும் நம்மைக் குறை சொன்னதில்லை. உன் ஆட்டத்தையும் நான் அப்படித்தான் பார்த்தேன். அதற்கு ஒரு முறை உண்டு. முறை முடிந்தால் நீ மடையை அடைக்கிறாய். பிறகு எனக்கு என்ன பயம்?

பயம் வந்தது கல்யாணப் பேச்சு வந்தபோதுதான். பெண் காண வந்த அன்று உன்னையும் பிரவீணையும் தனியாகப் பேச விட்டோம். சிசிடிவி கேமரா மாட்டுகிற வேலை, காஞ்சிரங்குளத்துக்காரன், பேச்சு குறைவு. நீ முதல் வார்த்தையே, "வாரத்துக்கு மூணு சாயங்காலம் நான் கேம் விளையாடுவேன், அதெ விடமாட்டேன்" என்றாயாம். அவன், "எனக்கும் கேமரா பாக்க விளிச்சா நேரம் காலம் கிடையாது" என்றானாம். அத்தோடு முடிந்தது உங்கள் ஒப்பந்தம். எனக்கு அது போதவில்லை. அவன் அம்மாவைப் பார்த்தேன். சிரிக்கிறாளா கோபமா என்று கண்டுபிடிக்க முடியாத முகம். "மக்களே, மாமிகிட்ட இப்பம் சொல்லாண்டாம். போய் நாலு நாள் கழியட்டு" என்று உன் காதில் ஓதியது நான்தான். கல்யாணம் கழிந்து பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் அடுக்களை காணப் போகிற ஞாயிற்றுக்கிழமையும் உன் அரையிறுதியும் ஒரே நாளில் வந்து விழுந்தபோது, "தலைவலி எண்ணு சொல்லி முறியில கேறி கதவெ சாத்திட்டு இரு, நாங்க ஆறு மணிக்கு மேல வாறோம், அதுக்குள்ள ஜெயிச்சு முடி" என்று திட்டம் போட்டதும் நானே. காய்ச்சல் போய் தலைவலி வந்தது, அவ்வளவுதான்.

திட்டத்தைக் கெடுத்தது உன் மணியன் மாமன். மத்தியானம் காலண்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எக்கா, நாலரைக்கு ராகு. அதுக்கு முன்னே வீட்டில கேறணும். ஆறு மணிக்கு மேல எண்ணா மழை பிடிச்சுக்கும்" என்று நின்றான். ஒரு வேன் நிறைய ஆட்கள் பட்டுச்சேலையோடு தயார். உனக்குப் போன் போட்டேன், போட்டேன், எடுக்கவில்லை. ஆட்டத்துக்கு முன்னால் போனை அமைதியில் போடுவது உன் வழக்கம். சரி, பகவான் விட்ட வழி என்று ஏறினோம்.

அலமாரிக் கதையை நீ பாதிதான் கேட்டிருப்பாய், ஆகவே முழுதும் கேள். ஒன்றும் வேண்டாம் என்று பிரவீண் எத்தனையோ தடவை சொன்னான். அடுக்களை காணப் போகும்போது வெறும் ஏத்தன் வாழைக்குலையும் முந்திரிக்கொத்தும் கொண்டு போனால் என் மானம் என்ன ஆவது? ஆள் உயரக் கண்ணாடி வைத்த இரும்பு அலமாரி வாங்கினேன். மணியன் பிக்கப்பில் அதைப் படுக்கவைக்கப் போனான். "வழியெல்லாம் வயராக்கும் எக்கா, படுக்கட்டு" என்றான். "படுக்க வச்சா கண்ணாடி ஆருக்கு தெரியும்? நிக்கட்டு. எனக்க மகளுக்க அலமாரியாக்கும். நாலுபேரு பாக்கட்டு" என்று நான்தான் நிமிர்த்தி வைத்துக் கயிறு போட்டுக் கட்டச் சொன்னேன். அமரவிளையும் நெய்யாற்றின்கரையும் அந்தக் கண்ணாடியில் தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டன. நான் வேனில் முன் சீட்டில் உட்கார்ந்து அந்த அழகைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

உங்கள் வீட்டு ஊடுவழியில் திரும்பியதும் 'டப்' என்று ஒரு சத்தம். பிக்கப் நின்றது. இறங்கிப் பார்த்தால் அலமாரியின் தலையில் ஒரு கறுப்பு வயர் மாலை போட்ட மாதிரி கிடக்கிறது. பழைய கேபிள் டிவி வயராக இருக்கும் என்று நானே அதை எடுத்துச் சுருட்டி மதிலுக்கு அப்பால் எறிந்தேன். கையைத் தட்டிவிட்டு, சேலையைச் சரிசெய்து, வாசலில் நின்ற உன் மாமியைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தேன். அப்போது உள்ளே இருந்து கேட்டது உன் குரல்: "நெட்டு போச்சு! பிரவீண், நெட்டு போச்சு!" சுருட்டி எறிந்த வயரின் தூசி இன்னும் என் கையில் இருந்தது.

நீ வெளியே வந்த கோலம்! கல்யாணம் கழிந்து ஏழெட்டு நாள் ஆன பெண், அணியின் ஜெர்சி போட்டு, கழுத்தில் ஹெட்செட்டைத் தொங்கவிட்டு, அவிழ்ந்த முடியோடு வந்து எங்கள் பட்டுச்சேலைகளுக்கு நடுவில் நிற்கிறாய். மணியனின் மனைவி என் கையைக் கிள்ளினாள். உன் மாமி உன்னைப் பார்த்து, "தலைவலி எண்ணு சொன்னே?" என்று மட்டும் கேட்டாள். நான் குறுக்கே விழுந்து ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். நீ என்னை முந்திக்கொண்டாய். "தலைவலி இல்ல மாமி. நான் கேம் விளையாடுகேன். இது அரையிறுதி. ஜெயிச்சா கொச்சி. பத்து நிமிஷம் நிறுத்தி வச்சிருக்கு. அதுக்குள்ள நெட்டு வரல்லெண்ணா தோத்தோம்." ஒரே மூச்சில் சொன்னாய். வார்டில் சிஸ்டர் முன்னால் நின்ற அதே பிள்ளை. பயத்திலும் எனக்குப் பெருமை பொங்கியது, உள்ளதைச் சொல்கிறேன்.

பிரவீணின் போன் நெட்டை வைத்துப் பார்த்தீர்கள். ஒருமுறை வந்தது, மறுமுறை போனது. நீ உள்ளே ஓடிவிட்டாய். இனிமேல் நடந்தது உனக்குத் தெரியாது, நன்றாகக் கேள். அடுத்த வீட்டில் ஸ்டீபன் சாரிடம் நெட் இருக்கிறது, வேறு கம்பெனி, அவர் அடுக்களைச் சன்னல் உங்கள் அடுக்களைச் சன்னலுக்கு நேரே இருக்கிறது, இதையெல்லாம் யோசித்தது பிரவீண் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறாய்? உன் மாமி யோசித்தது. "எடே பிரவீணே, கேமரா மாட்டுக வயரு மிச்சம் உண்டுல்லியா? சாருக்க வீட்டில இருந்து இழு" என்று அவள் சொன்ன பிறகுதான் அவன் ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்தான். ஸ்டீபன் சார் சன்னல் வழியாகக் கை நீட்டி, "இட்டோ, இட்டோ, சோதிக்கண்டா" என்று, கேட்கவே வேண்டாம் என்பதை மலையாளத்தில் சொல்லி, வயரை வாங்கினார். மிச்சம் கிடந்த வயர் அடுக்களை மேசை வரைக்கும்தான் எட்டியது. அந்த மேசையில் உன் மாமி எங்களுக்காக வெள்ளைத் துணி விரித்து, அச்சப்பமும் பழமும் கேக்கும் தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருந்தாள். ஒரு வாரமாகத் தேய்த்து மினுக்கிய அடுக்களை அது. நாலு முனையும் சேர்த்துத் துணியோடு அப்படியே தூக்கி உரல் மேல் வைத்துவிட்டு, "இங்க வை" என்றாள். உன் அப்பா திரையைத் தூக்கி வந்தார், மணியன் கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கி வந்தான், நீ நாற்காலியோடு வந்தாய். மணியன், "ராகு வருது, எல்லாரும் கேறுங்கோ, கேறுங்கோ" என்று பின்னாலிருந்து தள்ள, வேன் முழுவதும் அந்த அடுக்களைக்குள் வந்து அடைந்தது. அடுக்களை காண வந்தவர்கள் பாத்திரத்தையும் அடுப்பையும் எங்கே பார்த்தார்கள்? உன்னைத்தான் பார்த்தார்கள்.

வழக்கப்படி வந்தவர்களுக்குப் புதுப்பெண் கையால் சாயா கொடுக்கவேண்டும். நீ உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை. உன் அப்பாவின் வழி அத்தை ஒருத்தி, பெயரைச் சொல்லமாட்டேன், சொல்லாமலே தெரியும் உனக்கு, உரக்கவே கேட்டாள்: "பெண்ணு சாயா தரமாட்டாளா?" உன் மாமி கெட்டிலிலிருந்து கிளாஸில் ஊற்றிக்கொண்டே, முகத்தைத் தூக்காமல், "அவ டூட்டியிலாக்கும். நான் தாறேன்" என்றாள். மக்களே, அந்த இடத்தில் அவள் காலைப் பிடித்துக் கும்பிட்டிருப்பேன், கூட்டத்தில் குனிய இடமில்லை.

இன்னும் கேள். அடுப்பில் குக்கர் இருந்தது. அது விசில் அடித்தால் உனக்குக் காது அடைக்கும் என்று அடுப்பை அணைத்தாள். அன்றைய கடலைக்கறி பாதி வெந்ததாக இருந்ததற்குக் காரணம் அதுதான். வயர் சன்னலிலிருந்து மேசைக்கு ஆள் இடுப்பு உயரத்தில் தொங்கிக்கொண்டு வந்தது. சின்னப் பிள்ளைகள் குனிந்து ஓட, பெரியவர்கள் இடித்துக்கொள்ள, ஒருமுறை மணியனின் கை தட்டித் திரையில் ஏதோ நின்று நின்று வந்தது. நீ "எனக்கு விட்டு விட்டு வருது" என்று கத்தினாய். அப்போது கெட்டிலை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய், அந்த வயரை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள் உன் மாமி. ஆட்டம் முடியும் வரைக்கும் இறக்கவில்லை. நான் பிடிக்கிறேன் என்று போனேன். "வேண்டாம், கை மாத்துனா வயரு அனங்கும்" என்றாள். மூச்சுக்கூட மெதுவாகத்தான் விட்டாள்.

கடைசிச் சுற்றை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். இரண்டு பக்கமும் சமம். நீ மெதுவாகச் சொன்னாய்: "ஆரும் அனங்கப்பிடாது. பொறு. பொறு." நாலு ஊரில் இருந்தவர்களுக்குத்தான் சொன்னாய். அடுக்களையில் நின்ற நாங்கள் அத்தனை பேரும் அசையாமல் நின்றுவிட்டோம். மணியன் அச்சப்பத்தைக் கடித்தபடியே நின்றான். அத்தை வாய்க்குக் கொண்டுபோன சாயாவை வாயருகிலேயே வைத்திருந்தாள். ஸ்டீபன் சார் சன்னலுக்கு அந்தப் பக்கம் சிலை. "இப்பம்!" என்றாய் பார், திரையில் என்ன நடந்தது என்று கண்ணால் பின்தொடர முடியவில்லை, நாகர்கோவில் பெண்ணின் சத்தம் ஹெட்செட்டுக்கு வெளியே கேட்டது. ஜெயித்துவிட்டோம்! நான் கத்திய கத்தில் பக்கத்து மரத்துக் காக்கையெல்லாம் பறந்தது. அடுக்களை முழுக்கக் கைதட்டல். எதற்குத் தட்டுகிறோம் என்று தெரியாமலே பாதிப்பேர் தட்டினார்கள்.

அந்த நேரத்தில்தான் நீ ஹெட்செட்டைக் கழற்றித் திரும்பினாய். கைதட்டுகிற கைகளுக்கு நடுவே, கல் மாதிரி இருந்த உன் மாமியின் முகத்தை மட்டும் பார்த்தாய். பிறகு அவள் அடுப்புப் பக்கம் திரும்பிப் போனாள். உனக்குக் கண் கலங்கியது, அதையும் பார்த்தேன். ஆனால் அவள் ஏன் அப்படி நின்றாள் என்று இப்போது கணக்குக் கூட்டிப் பார். கைதட்டினால் ஆட்டம் முடிந்தது என்று அவளுக்குத் தெரியாது. கையை இறக்கலாமா கூடாதா என்று யாரும் சொல்லவில்லை. நான் போய், "முடிஞ்சு, நம்ம பிள்ளை ஜெயிச்சு, விடு" என்றபோதுதான் விட்டாள். தோள் இறங்கவில்லை அவளுக்கு. திரும்பிப் போய் அடுப்பைப் பற்றவைக்கப் பார்த்தாள், விரல் மடங்கவில்லை. தீப்பெட்டியை நான் வாங்கினேன். அவள் உள்ளங்கையில் அந்த வயரின் தடம் குறுக்கே சிவப்பாகக் கிடந்தது. இந்த முகத்தைப் பார்த்துத்தான் நீ கொச்சி வேண்டாம் என்கிறாய்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இனி நான் கேட்டுக்கொள்வது சிலதுதான், மடமடவென்று சொல்லிவிடுகிறேன். காலை டூட்டிக்கு முந்தின சாயங்காலம் மவுஸைத் தொடமாட்டேன் என்ற உன் சட்டம் மாமி வீட்டிலேயும் இருக்கட்டும். கொச்சிக்கு லீவை இன்றைக்கே எழுதிக் கொடு, உள்ள காரணத்தையே எழுது. காய்ச்சலும் தலைவலியும் நம் குடும்பத்தில் போதும் போதும் என்று வந்தாயிற்று. மூன்று சாயங்காலம் என்றால் மூன்றுதான். மிச்ச நாளில் பிரவீண் கேமரா மாட்டிவிட்டு வரும்போது நீ அவனோடு கடற்கரைக்குப் போ, சண்டை போடு, என்னவும் செய், அந்த அறைக் கதவு மட்டும் திறந்து கிடக்கட்டும். சாப்பிடாமல் ஆடாதே. நாகர்கோவில் பெண்ணுக்கு உன் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கு. நாளைக்கு வார்டில் அவசரம் வரும், ஒரு பிள்ளை பிறக்கும், அப்போது நீ இல்லாமலும் அவர்கள் ஆடவேண்டும். என்றைக்காவது உனக்கே அலுத்துப் போனால் அன்றைக்குச் சிரித்துக்கொண்டே விடு, நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். ஒரு முகத்தைத் தப்பாகப் படித்துவிட்டு விடாதே. அது எனக்குப் பொறுக்காது.

இவ்வளவும் எழுதி முடித்து மடிக்கப் போகும்போது உன் மாமி கூப்பிட்டாள். அலமாரிக்கு ஒரு சாவிதான் இருக்கிறது, இன்னொன்று உண்டா என்று கேட்டாள். உண்டு, கொடுத்து விடுகிறேன் என்றேன். அதற்குப் பிறகும் போனை வைக்காமல் நின்றாள். நீ போகப் போவதில்லை என்று அவளிடம் நீ இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது. நானும் சொல்லவில்லை. அவளே கேட்டாள்:

"அக்கா, கொச்சியில பெரிய ஹாலாக்குமே? ஆளுவ அங்கயும் இங்கயும் நடக்குமே?"

"நடக்கும்" என்றேன்.

"அப்பம் அங்க வயரு பிடிக்க ஆளு உண்டுமா? இல்லெண்ணா நான் வாறேன்."

உன்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதிலை நீயே அவளிடம் சொல்லிவிடு மக்களே.

அம்மா